உள்ளே போகும் சூடு

ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் என் ஷெட்.
மேலிருந்து இறங்குபவை பிரேக் கருகிய வாடையோடு வரும்,
ஏறப்போகிறவை ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்கும்.
இந்த வெள்ளைக் கார் இரண்டிலும் சேராது.

நாகலூர்ப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஜெசிந்தா டீச்சர்
சாவியை மேசையில் வைத்தார்.
"பதிமூணாவது வளைவு வரைக்கும் ஒண்ணுமில்ல.
பதினாலு திரும்பினா மஞ்ச லைட் எரியுது.
மொதல்ல ஒருநா எரிஞ்சுது,
அஸ்தம்பட்டியில காட்டி ரெண்டு சென்சார் மாத்தினேன்.
இப்ப தினமும் எரியுது."
கையில் நாற்பது பக்க நோட்டு.
சென்சார் விலைகள், தேதி போட்டு.

ஸ்கேனர் ஒரு எண்ணைச் சொன்னது.
எண் என்பது புகார்தான், தீர்ப்பு இல்லை.
அதை அழித்துவிட்டு ஐந்நூறு வாங்குகிறவர்கள்
இதே ரோட்டில் மூன்று பேர்.

கன்னங்குறிச்சி வரை ஓட்டிச் சூடேற்றி வந்து
லிஃப்டில் தூக்கினேன்.
பளபளக்கும் உலோகம் வெப்பமானியிடம் பொய் சொல்லும்.
கன்வெர்ட்டரின் முன்னும் பின்னும்
கறுப்புப் பெயிண்ட் இரண்டு பொட்டு வைத்து
சிவப்புப் புள்ளியை அதன்மேல் நிறுத்தினேன்.

உள்ளே போகும் இடம்: முந்நூற்றுப் பத்து.
வெளியே வரும் இடம்: இருநூற்று அறுபத்தெட்டு.

தலைகீழாக இருக்க வேண்டும்.
இன்ஜின் எரிக்காமல் விட்டதை
எரித்து முடிக்கிற வேலை அதற்கு.
வேலை செய்கிற எதுவும்
வாங்கிய சூட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான் திருப்பித் தரும்.

மறுபடி அளந்தேன்.
மேக்னசைட் லாரி ஒன்று வெள்ளைத் தூசி கிளப்பிப் போனது,
உலைச் செங்கலுக்கான கல்.
ரப்பர் சுத்தியால் தட்டினேன்.
காலி எண்ணெய் டின்.

லைட்டைக் கிட்டே பிடித்துத்
தையலைத் தேடினேன்.
அடிப்பக்கம், யாரும் பார்க்காத மேல்மடிப்பில்
ஒரு சாண் வெல்டிங்.
முடிகிற இடத்தில் இடப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி.

எல்லோர் கையெழுத்திலும் ஒரு எழுத்து வளையும்.
இது என்னுடையது.

நாலு வருஷம் முன்னால், வேறு ஓனர்.
"பிக்கப்பே இல்லண்ணே, ஏத்தத்துல சாவுது."
அடைத்திருந்தது. புதுசுக்குக் காசில்லை அவனிடம்.
அறுத்தேன்.
கடப்பாறையால் குத்தினேன்.
தேன்கூடு போன்றது சாம்பல்நிற பிஸ்கட்டாக உதிர்ந்தது.
பின்சென்சாரை ஏமாற்ற
விரல்நீளக் குழாய்த்துண்டு ஒன்று வைத்து
அதன்மேல் பூட்டினேன்.
லீ பஜார் ஆள் தராசோடு வந்து
தூள்கூட விடாமல் கூட்டி அள்ளிக்கொண்டு போனான்.
அந்த வாரம் செவ்வாய்ப்பேட்டையில்
மகளுக்குக் கொலுசு.
இப்போது அவள் காலுக்கு ஏறாது.

போன மாதம் சென்சார் மாற்றியவன்
என் துண்டு எதற்கென்று தெரியாமல் கழற்றி எறிந்திருக்கிறான்.
அன்றிலிருந்து கார் உண்மை பேசுகிறது,
பதினாலாவது வளைவில்.

"காப்பிப் பூ பூத்திருக்கு மேல" என்றார் டீச்சர், பின்னாலிருந்து.
"கண்ணாடி எறக்க முடியல.
என் வண்டி நாத்தம்தான் உள்ள வருது."

கையைத் துடைத்தேன். துணியில் எண்ணெய் அதிகம்,
கை இன்னும் கறுத்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர். வெறும் கூடு."
"கம்பெனிலயே அப்படியா?"
பக்கத்து லேத்தில் கிரைண்டர் அலறியது.
அது நிற்கட்டும் என்று இருந்தேன்.
நின்றது.
"நான் எடுத்தது."

திட்டுவார் என்று நினைத்தேன்.
நோட்டைத் திறந்தார்.
இரண்டு சென்சார் விலைக்குக் கீழே
பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்:
"எவ்ளோக்குப் போட்டீங்க?"

"நாலாயிரத்து இருநூறு."

எழுதினார். கோடு போட்டார்.
கூட்டவா கழிக்கவா என்று
பேனா அங்கேயே நின்றது.

தலைக்கு மேல் குழாய் ஆறிக்கொண்டிருந்தது,
டிக், டிக் என்று,
முன்பக்கம் மட்டும்.